திட்டுகிற வீடு

...புவனேஸ்வரி தையல் மிஷினுக்குப் பின்னால், அவருடைய வழக்கமான இடத்தில், மிதிகட்டையில் கால் வைத்து, ஆனால் மிதிக்காமல். சௌகத் அலி பாய் வாசலுக்கு நேரே, அந்த வீட்டில் இருக்கிற ஒரே கைவைத்த நாற்காலியில். அவருடைய மருமகள் நஸீரா உள்ளறை நிலைப்படியில், பாதி உள்ளே பாதி வெளியே. சிவபிரகாஷ் தெருவில் நிறுத்திய தன் ஆட்டோவின் பின்சீட்டில், காலை வெளியே நீட்டிக்கொண்டு. நான், தைக்க வந்து கிடந்த துணிமூட்டை ஒன்றின் மேல், சுவரில் சாய்ந்து. ஆக இத்தனை பேர். முக்காலியில் யாரும் இல்லை, அதன்மேல் நோட்டீஸ் கட்டு இருந்தது... இப்படித்தான் சொல்ல வேண்டும் என் வீட்டுக்காரியிடம். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தாலும் சரி, வெங்காய மண்டியில் முதலாளி கூட்டிய பேச்சுவார்த்தையை முடித்துவிட்டு வந்தாலும் சரி, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள், யாரு யாரு வந்திருந்தா, யாரு எங்க உக்காந்திருந்தா என்று, அதைச் சொன்னால்தான் பேசினது என்ன என்பதே அவளுக்கு விளங்கும், தள்ளி உட்கார்ந்தவனுக்கு மனத்தாங்கல், கதவோரம் உட்கார்ந்தவனுக்குப் போகிற அவசரம், அவளே கணக்குப் போட்டுக்கொள்வாள். அதனால் எங்கே போனாலும் நான் முதலில் யார் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வேன், இத்தனை வருசப் பழக்கம் அது, கேட்க ஆள் ஊரில் இல்லை என்பதற்காக விட்டுவிடுமா? செங்கோல்மேரி ஆயக்குடியில் இருக்கிறாள். போன மழைக்கு முன்னால், தம்பி பாக்கியராஜின் சம்சாரத்துக்கு ஆபரேஷன் என்று கூடமாட இருக்கப் போனவள், அந்த அம்மாளுக்குத் தையல் பிரித்து, குணமாகி, அவர்கள் கொய்யாத் தோப்பில் காய் பறிக்கவே போக ஆரம்பித்தாயிற்று என்று கேள்வி, இவள் இன்னும் வரவில்லை. சண்டை இல்லை, ஒன்றுமில்லை. சண்டை போட்டுவிட்டுப் போனவளைச் சமாதானம் செய்யலாம், ஒன்றுமில்லாமல் போனவளை என்ன செய்வது? அவள் உட்கார்ந்து ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துக் கொடுக்கிற முக்காலி அது. எதிரே, சாக்கடைக்கு அந்தப் பக்கம், என் வீட்டுச் சமையல்கட்டின் பின்சுவர் தெரிந்தது, ஜன்னல் இருந்த இடத்தில் பூசிய சிமெண்டு மட்டும் சதுரமாக, இன்னும் வெளுப்பாக.

கடைசி நாள், இன்னைக்கு ஒரு வீடும் விடக்கூடாது என்றார் புவனேஸ்வரி. வார்டு கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார், சின்னம் இஸ்திரிப் பெட்டி. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் முதலில் நுழைவது அவர் வீட்டில்தான், மிஷினை மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு இரவெல்லாம் நிற்பார், மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்து, நானே நிற்கிறேன் என்று நின்றுவிட்டார். டெபாசிட் தேறாது என்று பாய்க்குத் தெரியும், சிவபிரகாஷுக்குத் தெரியும், அவருக்கே தெரியும், தெரிந்துகொண்டே காலையில் தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு கிளம்புகிறார். நான் ஏன் வந்தேன்? தெருவில் நினைக்கிறார்கள் சாக்கடைக்காக என்று. பாய் நினைக்கிறார், ரிட்டையர் ஆகப் போகிற வயதில் பொழுது போக வேண்டுமே என்று. எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஓட்டு. செங்கோல்மேரியின் பெயர் இந்த வார்டில்தான் இருக்கிறது, புவனேஸ்வரி அவளுக்குக் கூடப் பிறக்காத பிறப்பு, இவருக்குப் போடவாவது அவள் பஸ் ஏறி வரத்தான் வேண்டும், வந்தால் ஓட்டுச்சாவடி நடுநிலைப் பள்ளியில், அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம், வந்தால் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு எதுவும் பேசாமல் நான் மண்டிக்குப் போய்விடலாம், சாயங்காலம் வரும்போது வீட்டில் விளக்கு எரியும்... அதற்குமேல் நான் நினைத்துப் பார்ப்பதில்லை. அதற்குமேல் நினைத்தால் அது நடக்காமல் போய்விடுமோ என்று ஒரு பயம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றே போன் செய்தேன். எடுத்தாள். பின்னால் யாரோ மதினி, மதினி என்று கூப்பிட்டு என்னவோ சொன்னார்கள், அதற்கு அவள் சிரித்தாள், வாய்விட்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள், அப்புறம் போனுக்கு வந்து, சொல்லுங்க என்றாள். அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று அந்த இரண்டு நொடிக்குள்? தேர்தல் தேதியைச் சொன்னேன், புவனேஸ்வரி நிற்பதைச் சொன்னேன், அது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஓட்டுப் போட வரணும் என்றேன். "கண்டிப்பா வந்து போட்டுறேங்க" என்றாள். எவ்வளவு மரியாதை, எவ்வளவு இதமான குரல். போனை வைத்துவிட்டு மண்டி வரைக்கும் நடந்தே போனேன், கால் வலி தெரியவில்லை.

கிளம்பினோம். சிவபிரகாஷ் ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டி, உங்கள் சின்னம் இஸ்திரிப் பெட்டி என்று பதிவு செய்ததை ஓடவிட்டு முன்னால் ஊர்ந்து போனான். வெயில் அதற்குள் ஏறிவிட்டது. முதல் தெருவில் எல்லா வீட்டிலும் வரவேற்பு. போட்டுறோம்ங்க. உங்களுக்குப் போடாம வேற யாருக்குப் போடப் போறோம். கண்டிப்பாங்க. ஒரு வீட்டில் ஆரத்தி கூட எடுத்தார்கள், புவனேஸ்வரியின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டு, தட்டில் ஒன்றும் விழாததைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் சிரிப்பு ஓரத்தில் கொஞ்சம் சுருங்கியது. நான் பென்சிலால் ஒவ்வொரு வீட்டு எண்ணுக்கும் பக்கத்தில் சைபர் போட்டுக்கொண்டே வந்தேன். இந்தக் கணக்கு என்னுடையது. முன்பு மண்டித் தொழிலாளர் சங்கத் தேர்தலுக்கு அலைந்தபோதே கண்டுகொண்டது, இங்கே ஓட்டுக் கேட்க இறங்கிய முதல் நாளே டீக்கடையில் சொன்னேன், சிரித்துக்கொண்டு போட்டுறோம்ங்க என்று சொல்கிற வீடு நம் வீடு இல்லை, அது வருகிற எல்லாருக்கும் அதையேதான் சொல்லும், வாசலில் நிற்கிறவனைச் சீக்கிரம் அனுப்பி வைக்கிற வார்த்தை அது, திட்டுகிற வீடுதான் நம் வீடு, நம்மிடம் எதிர்பார்க்கிறவன்தான் நம்மைத் திட்டுவான். எல்லாரும் சிரித்தார்கள், சிரித்தாலும் அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது, தெரு முடிந்ததும் சிவபிரகாஷ் கேட்பான், சார் கணக்குப்படி எத்தனை தேறுச்சு என்று. அவனுக்கு அது ஒரு விளையாட்டு.

இரண்டாவது தெரு முனையில் ஜக்கம்மாள் என்கிற அம்மாளின் வீடு. நாய் கட்டிக் கிடந்ததால் முன்பு இரண்டு தடவையும் தாண்டிப் போய்விட்டோம். இன்று புவனேஸ்வரி கேட்டைத் தட்டியதும் உள்ளேயிருந்து குரல்தான் முதலில் வந்தது, ஆள் அப்புறம்.

"இன்னைக்குத்தான் எங்க வீட்டுக் கதவு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சாக்கும்? அடுத்த வீட்ல கேக்குறீக, எதுத்த வீட்ல கேக்குறீக, நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

நாய்க்குப் பயந்துதான் என்று சிவபிரகாஷ் ஆட்டோவிலிருந்தபடியே சமாதானம் சொன்னான். அந்த நாய்க்குப் பல் போய் வருசமாகிறது, அதுக்கே பயப்படுகிறவர்கள் ஜெயித்துப் போய் ஆபீசரிடம் என்ன கேட்டுக் கிழிக்கப் போகிறீர்கள் என்று அந்த அம்மாள் ஆரம்பித்தார். சாக்கடையைச் சொன்னார், தெருவிளக்கைச் சொன்னார், புவனேஸ்வரி போன தீபாவளிக்குத் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டின் கை இறுக்கத்தைச் சொன்னார். இஸ்திரிப் பெட்டியாமுல்ல, எங்க வீட்டுக்காரரு சட்டையே போட மாட்டாரு, அவருக்கு எதுக்கு அது என்றார். புவனேஸ்வரி இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அக்கா, கையப் பிரிச்சு விட்டுத் தாரேன், ஓட்டைப் போட்டுருங்க என்றார். கேட்டாத்தான் போடுவீங்களா அம்மா என்று பாய் சும்மா வம்புக்கு இழுத்தார்.

"கேக்காம எப்படிப் போடுறது? வலியப் போயிப் போட நான் என்ன மானங்கெட்டவளா?"

நான் சந்தோசமாக டிக் போட்டேன். அன்றைய முதல் டிக். தண்ணீர் கூடக் கொடுக்காமல் அனுப்பினார், ஆனாலும் அது விழுகிற ஓட்டு, சந்தேகமே இல்லை. அந்த அம்மாள் கேட்டைச் சாத்தும்போது இன்னும் என்னவோ சொல்லிக்கொண்டே சாத்தினார்... அந்தக் குரலை நான் எங்கே கேட்டிருக்கிறேன்? குரல் இல்லை, அந்த ஏற்றம், அந்த மூச்சு விடாத வேகம், என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா என்று முடிகிற அந்த... வெயில் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது, நான் அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட்டு நடந்தேன்.

பாயின் தெருவில் ஆண்கள் முக்கால்வாசிப் பேர் வேலைக்கும் கடைக்கும் போயிருந்தார்கள். அந்த நேரத்தில் நாங்கள் படியேறக் கூடாது, நஸீராவும் புவனேஸ்வரியும் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போவார்கள், நானும் பாயும் சந்தின் நிழலில் நிற்போம், அவர்கள் வரும்வரை. தோல் பதனிடுகிற பக்கமிருந்து காற்று வந்தால் ஒரு வாடை வரும், பாய்க்கு அது உறைக்காது, ஆயுசு பூராவும் தோல் வியாபாரத்தில் இருந்தவர். எப்பவும் போல அவர் தன் மூட்டு வலியைச் சொன்னார், நான் உம் கொட்டினேன். உள்ளே பெண்கள் பேசுகிற சத்தம், தட்டு வைக்கிற சத்தம், பிறகு எல்லாரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம். திரைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனுக்கு அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மதினி, மதினி... என்ன சொல்லியிருப்பார்கள் அப்படிச் சிரிக்க? கொய்யாக் கூடையை யாராவது கவிழ்த்திருப்பார்களா? என்னைப் பற்றியா? இல்லை, என்னைப் பற்றி இருந்தால் கூடத் தேவலை. என் நினைப்பே இல்லாமல் அல்லவா சிரித்தாள். இங்கே, எங்கள் வீட்டில், அவள் கடைசியாக அப்படிச் சிரித்தது பிரிட்டோ இருந்தபோது. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போகும்வரை அவள் எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவனிடம்தான் சொல்லுவாள், உங்கப்பாட்டக் கேளு, உங்கப்பாட்டச் சொல்லு, நானும் அவன் மூலமாகவே பதில் சொல்லுவேன், நடுவில் அவன் சேர்த்துப் போட்டுச் சொல்லுவான், சிரிப்பாக இருக்கும். அவன் போன பிறகு எங்களுக்கு நடுவில் அந்த நாற்காலி காலி. நஸீரா வெளியே வந்தது. எல்லாரும் நல்லா சிரிச்சுப் பேசுனாக அண்ணே, கண்டிப்பாப் போடுறோம்னாக என்று சொல்லிவிட்டு, என் பென்சிலைப் பார்த்து, போடுங்க உங்க சைபர என்று அதுவே சிரித்தது.

டீக்கடை வேப்பமரத்தடியில் நின்றோம். யார் எங்கே என்று சொல்லட்டுமா? பாய் பெஞ்சில், புவனேஸ்வரி பெஞ்சின் மறுகோடியில் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நஸீரா ஆட்டோவுக்குள், சிவபிரகாஷ் மரத்தில் சாய்ந்து, நான் நடுவில், நின்றபடி. நடுவில் நின்றதால் எல்லார் முகமும் எனக்குத் தெரிந்தது, அது என் கெட்ட நேரம். நஸீராதான் கேட்டது, நல்ல மனசோடு கேட்டது, அண்ணே, மேரி அக்கா ஓட்டுப் போட வாராகளா என்று.

"வாரா. கண்டிப்பா வந்து போட்டுறேங்கன்னு சொன்னா."

"அப்ப சார் கணக்குப்படி சைபரு" என்றான் சிவபிரகாஷ்.

சொல்லிவிட்டுச் சிரித்தான், பழக்க தோசத்தில், கிளாசை வாய்க்குக் கொண்டுபோகும்போதே சிரித்தான், பாதியில் நிறுத்தினான். பாய், ஏலே, டீயக் குடி என்று மட்டும் சொன்னார், அதட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார், அதனால்தான் எனக்குப் புரிந்தது. அதட்டியிருந்தால் வேடிக்கையோடு போயிருக்கும். நஸீரா ஆட்டோவுக்குள் தலையைக் குனித்துக்கொண்டது. புவனேஸ்வரி தரையைப் பார்த்தார். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. அதுதான், ஒருவர் முகத்தில்கூட ஆச்சரியம் இல்லை... இவர்களுக்கெல்லாம் முன்பே தெரியுமா? நான் சொன்ன கணக்கை என் வீட்டுக்கு இவர்கள் எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டார்களா, நான் மட்டும்தான் போடாமல் இருந்தேனா? சிவபிரகாஷ், சார், நான் சும்மா சொன்னேன் என்றான். தெரியும்ப்பா என்றேன். இன்னொரு டீ சொல்லவா என்றான். வேண்டாம் என்றேன். நன்றாகத்தான் பேசினேன், என் குரலில் ஒன்றும் மாற்றம் இருந்ததாகத் தெரியவில்லை.

மிச்ச வீடுகளுக்கும் போனேன். போட்டுறோம்ங்க, சைபர், கண்டிப்பாங்க, சைபர். ஒவ்வொரு வீட்டிலும் சொன்னது அவள் குரலில் கேட்டது. கண்டிப்பா என்பதில் அந்தப் பாவுக்கு அவள் கொடுத்த அழுத்தம், போட்டுறேங்க என்பதில் அந்த ங்க... எப்போதிலிருந்து அவள் எனக்கு ங்க போடுகிறாள்? முதலிலிருந்தே போட்டவள்தான், திட்டும்போது கூட ங்க போட்டுத்தான் திட்டுவாள், ஆனால் அந்த ங்கவும் இந்த ங்கவும் ஒன்றா? என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா. நாகல் நகர் வீட்டைக் காலி செய்து இங்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்த அன்று, என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா. பிரிட்டோவை ஐடிஐயில் சேர்த்துவிட்டு வந்த அன்று. சின்ன விசயத்துக்கும்கூட, ஒரு திருவிழாவுக்கு நான் முட்டைக்கோஸ் வாங்கி வந்ததற்கு, வெஞ்சனம் என்ன வைக்கணும்னு என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா என்று சாயங்காலம் வரை. சாமான் உருளும், குரல் தெருவுக்குக் கேட்கும், எனக்கு வெட்கமாக இருக்கும், இந்த வாய் எப்போது ஓயும் என்று நினைத்திருக்கிறேன். ஓய்ந்தது எப்போது? நினைத்து நினைத்துப் பார்த்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நோட்டீசை நீட்டியபடியே நின்றுவிட்டேன் போல, அந்த வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு, தண்ணி எதுவும் குடிக்கிறீங்களா சார் என்றார்.

ஜன்னல். அந்த ஜன்னல்தான். சாக்கடை நாற்றம், கொசு, ஒரு நாள் பெருச்சாளி கம்பிக்குள் புகுந்து மாவுப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டது, சரி, அடைத்துவிடுவோம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டு, அவள் நவநாள் ஜெபத்துக்குக் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் வேலையை முடித்துவிட்டேன். நல்லதுக்குத்தான் செய்தேன், இன்றைக்கும் நல்லதென்றுதான் நினைக்கிறேன், கொசு குறைந்ததா இல்லையா? அந்த ஜன்னல் வழியாகத்தான் அவளும் புவனேஸ்வரியும் பேசுவார்கள், இவள் அடுப்படியில் நின்றுகொண்டு, அவர் மிஷினை மிதித்துக்கொண்டு, நடுவில் சாக்கடை, குழம்பு தாளித்த வாசனைக்கு அங்கிருந்து ஒரு பேச்சு, மிஷின் நின்றால் இங்கிருந்து ஒரு பேச்சு, ஓயாது. அவள் வந்தாள், முக்காட்டை எடுக்காமலே சமையல்கட்டு நிலையில் நின்று ஈரமாக இருந்த சிமெண்டைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன், சாமான் உருளப் போகிறது என்று. அவள் திரும்பி, "நல்லதுங்க" என்றாள். நல்லதுங்க. அவ்வளவுதான். அப்பாடா என்று இருந்தது எனக்கு. வயசானதும் பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தேன், பாயிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன், இப்பல்லாம் எதுக்கும் சத்தமே இல்ல பாய் என்று. அதற்கப்புறம் அவள் என்னைத் திட்டியதாக ஒரு நாளும் ஞாபகமில்லை. சரிங்க. ஆகட்டுங்க. நல்லதுங்க. தம்பி வீடு வரைக்கும் போயிட்டு வந்துர்றேங்க. வாசலில் நிற்கிறவனைச் சீக்கிரம் அனுப்பி வைக்கிற வார்த்தைகள். நான்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தேனா அப்போதே, என் வீட்டுக்குள்ளேயே?

மத்தியானம் புவனேஸ்வரி வீட்டுக்குத் திரும்பினோம். பாயும் நஸீராவும் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டார்கள். முக்காலியில் இருந்த நோட்டீஸ் கட்டு தீர்ந்திருந்தது, முக்காலி மட்டும் இருந்தது, நான் அதில் உட்காரவில்லை. துணிமூட்டை மேல் உட்கார்ந்து, அளவு எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு தாள் கேட்டு வாங்கி, கடிதம் எழுத ஆரம்பித்தேன். போனில் சொன்னதற்குமேல் கடிதம் எதற்கு? பூத் சிலிப்பை அனுப்ப வேண்டுமே, ஓட்டுப் போட வருகிறவர்களுக்குச் சிலிப் கொடுப்பது என் வேலை, இந்த வார்டில் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று, ஒருத்திக்கு மட்டும் கொடுக்கவில்லை. வேறொன்றும் உண்டு. கடிதத்தில் குரல் கிடையாது. அவள் பதில் எழுதினால் எழுத்துதான் வரும், அதில் அந்த இதம் இருக்காது, நான் எனக்கு வேண்டியபடி படித்துக்கொள்ளலாம். செம்பட்டிப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி வலப்பக்கம் மேலே இடம், அதன் கீழே நாள். அன்புள்ள செங்கோல்மேரிக்கு. நலம், நலமறிய ஆவல். இத்துடன் உன் பூத் சிலிப்பை வைத்திருக்கிறேன். வாக்குச்சாவடி நடுநிலைப் பள்ளி, கிழக்குப் பார்த்த அறை. ஆதார் கார்டை மறக்காமல் எடுத்து வரவும். காலையில் பழனியிலிருந்து வருகிற வண்டிகளில் கூட்டம் இருக்கும், சற்றுப் பொறுத்து ஏறவும். வெயிலுக்கு முன் போடுவது நல்லது. சின்னம் இஸ்திரிப் பெட்டி. வீட்டுச் சாவி என்னிடம் ஒன்று இருக்கிறது, பக்கத்து வீட்டில் ஒன்று கொடுத்து வைத்திருக்கிறேன். எழுதியதைப் படித்துப் பார்த்தேன், பிழை இல்லை, விசயம் ஒன்றும் விட்டுப்போகவில்லை. புவனேஸ்வரி ஜக்கம்மாளின் ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார், கொண்டு வந்து கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது அதற்குள். ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் கையைத் தளர்த்திக்கொண்டிருந்தார்.

"நானும் கேட்டேன்னு ஒரு வரி போடுங்கண்ணே" என்றார் நிமிராமல். "அவ வந்தா இந்தச் சொவத்தப் பாக்குறதுக்கு எனக்குத்தான் ஒரு மாதிரியா இருக்கும்."

புவனேஸ்வரியும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார் என்று கடைசியில் சேர்த்தேன். இப்படிக்கு, அருளப்பன். மடித்து, சிலிப்பை நடுவில் வைத்து, பழைய கவர் ஒன்றில் போட்டேன், பசை இல்லை, மிஷின்மேல் இருந்த, மூன்று நாள் சோறு மாதிரி காய்ந்துபோன கோந்துப் பாட்டிலைத் தண்ணீர் விட்டுக் கலக்கி அவரே ஒட்டிக் கொடுத்தார், ஓரத்தை இஸ்திரிப் பெட்டியால் ஒரு தடவை அழுத்தியும் விட்டார். நம்ம சின்னத்தாலயே ஒட்டியாச்சு என்றார். சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார், நான் சிரித்தேன்.

தபாலில் போட்டால் தேர்தல் முடிந்துதான் போய்ச் சேரும். பஸ் ஸ்டாண்டில் பேச்சாயி இருப்பாள், ஆயக்குடியிலிருந்து கொய்யாக் கூடையோடு காலையில் வந்து, விற்றுவிட்டு மத்தியான வண்டிக்குத் திரும்புகிறவள், பாக்கியராஜ் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. பழனி வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள், மடியில் காலிக் கூடை, கூடைக்குள் விற்காமல் நசுங்கின நாலைந்து பழம். ஜன்னல் வழியாகக் கவரைக் கொடுத்தேன். யாருக்குங்க என்றாள், தெரிந்துகொண்டே. சொன்னேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஓட்டுக்கேட்டு ஊரெல்லாம் கதவத் தட்டறீங்களாமா, ஆயக்குடிக்கு மட்டும் வழி தெரியிலீங்களா? பஸ்ஸு என்ன ஓடாமயா கெடக்குது?"

வேலை இருக்கிறது என்றேன். என்ன பெரிய வேலை, உங்க வேலையக் கொண்டுபோயி ஒடப்புல போடுங்க என்றாள், சீட்டில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ அந்தத் திட்டு ஒரு வாய் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் கவரைக் கூடைக்கு அடியில், சாக்கு மடிப்புக்குள் செருகி, மேலே பழங்களை எடுத்து வைத்தாள், பழம் கசிந்தால் சிலிப் ஈரமாகிவிடுமே என்று சொல்ல நினைத்தேன், அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி பின்னால் வந்து, திரும்பி, நகர்ந்தது. நான் கையை உயர்த்தினேன், அவள் பார்க்கவில்லை, கூடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். இடம், நாள், வாக்குச்சாவடி, அறை, ஆதார் கார்டு, வெயில், சின்னம், சாவி... எல்லாம் எழுதினேன், ஒன்றும் விட்டுப்போகவில்லை என்றுதானே படித்துப் பார்த்தேன். புவனேஸ்வரி கேட்டதாக ஒரு வரி இருக்கிறது. வெயிலுக்கு முன் போடுவது நல்லது என்று இருக்கிறது, எடுத்து வரவும் என்று இருக்கிறது, பொறுத்து ஏறவும் என்று இருக்கிறது... ஓட்டைத்தான் கேட்டிருக்கிறேன், வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை இல்லை. ஜக்கம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார், கேக்காம எப்படி... வண்டி ஸ்டாண்டு வாசலில் ஒரு மாட்டு வண்டிக்காகச் செத்த நேரம் நின்றது. ஓடினால் எட்டிவிடுகிற தூரம்தான். எட்டினால் மட்டும் போதுமா, ஏறிப் போய் அந்த வாசலில் நின்று கேட்டால், அவள் சிரித்துக்கொண்டே, உள்ள வாங்க, கண்டிப்பா வந்துர்றேங்க என்று சொல்லிவிட்டால்? மாட்டு வண்டி ஒதுங்கியது. பழனி வண்டி போய்விட்டது, கவரும்.